பின்பக்கம் இறக்கிய பிக்கப்: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் முறை

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பட்டறைக்கு வந்து "பின்பக்கத்தை இறக்கிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களில் பாதிப்பேர் அழகுக்காகக் கேட்பதில்லை. பந்தல் சாமான் ஏற்றுகிறவர், சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர், பூ மொத்த வியாபாரி. ஃபோர் வீல் பிக்கப்பின் தட்டு இடுப்புக்கு மேலே நிற்கிறது. சாம்பார் அண்டாவை அந்த உயரத்துக்குத் தூக்கித் தூக்கி முதுகு போனவர்களை எனக்குத் தெரியும். தட்டுக்கு மேல் கேனோப்பி மூடி போட்ட வண்டி சில கட்டடங்களின் அடித்தள நிறுத்துமிடத்துக்குள் நுழையவே முடியாது. அவர்களுக்கு வண்டி தாழ வேண்டும், அதே சமயம் சுமையும் குறையக் கூடாது.

இரண்டும் சேர்ந்து நடக்கும். பின் ஆக்சிலின் மேல் வண்டியைத் தாங்கும் எஃகுப் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) கனம், அகலம், எண்ணிக்கை மூன்றும்தான் சுமை தாங்குகின்றன. வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைப் பட்டையின் வளைவும், அது எந்த இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது என்பதும் தீர்மானிக்கின்றன. இவை வேறு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து வேலை செய்த வண்டிகள்தான் கீழே சொல்லும் கோளாறுகளோடு திரும்பி வருகின்றன.

எதையும் கழற்றும் முன் அளவு

சமதரை, நான்கு டயரிலும் சரியான காற்று, தட்டு காலி. சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து எழுதுங்கள், இரு பக்கமும். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் மாறினால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அடுத்து, ஆக்சில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று அளங்கள். பிறகு 50 கிலோ சிமெண்ட் மூட்டை பத்து ஏற்றி, ஆக்சிலுக்கு நேர் மேலே வைத்து, எல்லாவற்றையும் மறுபடி அளங்கள்.

500 கிலோவுக்கு 45 மி.மீ. இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 800 கிலோவுக்கு ஏறத்தாழ 72 மி.மீ. இறங்கும். சுமை ஏறினால் மட்டும் தாங்கும், அடியிலுள்ள தடித்த பட்டை தொட்ட பிறகு அதைவிடக் குறைவாக இறங்கும். இனி இந்தக் கணக்கைப் போடுங்கள்: பழைய இடைவெளி, கழித்தல் நீங்கள் இறக்கப்போகும் அளவு, கழித்தல் சுமைக்கு இறங்கும் அளவு. மிச்சம் 40 மி.மீ.க்குக் குறைந்தால் நான் அந்த வேலையை அப்படியே செய்வதில்லை. குழியில் விழும்போது சக்கரம் எழும்ப அந்த இடம் வேண்டும்.

இந்தத் தாளை வண்டியிலேயே வையுங்கள். கீழே வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் அது தேவைப்படும்.

கோளாறு: கட்டை வைத்தோம், வண்டி இறங்குவதற்குப் பதில் ஏறிவிட்டது

பட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் உதிரி வாங்கியதுதான் காரணம். தாழ்வான டூ வீல் பிக்கப்புகளில் பெரும்பாலும் பட்டைக் கட்டு ஆக்சிலுக்குக் கீழே தொங்கும். அதில் பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்தால் வண்டி இறங்கும். ஃபோர் வீல் வண்டிகளில் பட்டை ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதே கட்டையை அங்கே வைத்தால் வண்டி ஏறும்.

பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் செக்கிளும் அப்படித்தான். சேசிஸிலிருந்து செக்கிள் கீழ்நோக்கித் தொங்கி, அதன் அடியில் பட்டையின் கண் மாட்டியிருந்தால், நீளமான செக்கிள் வண்டியைத் தூக்கும். செக்கிள் மேல்நோக்கி நின்றால் நீளமானது இறக்கும். எப்படியானாலும் செக்கிளில் 2 இஞ்ச் மாற்றினால் ஆக்சிலில் கிடைப்பது ஏறத்தாழ 1 இஞ்ச்தான், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது.

மேலே இருக்கும் பட்டையை ஆக்சிலுக்குக் கீழே மாற்றுவதைப் பட்டறைகளில் "ஃப்ளிப்" என்பார்கள். பெயரைக் கேட்டு ஆக்சிலையே தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படித் திருப்பினால் முதல் கியரில் வண்டி பின்னால் போகும். ஆக்சில் இருந்தபடியே இருக்கும், பட்டை மட்டும் இடம் மாறும், அதற்குப் புதிய இருக்கை வேண்டும். ஆக்சில் குழாயின் விட்டமும் பட்டைக் கட்டின் கனமும் சேர்ந்து எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு இறங்கும். 4, 5 இஞ்ச் என்று வந்துவிடும். சுமை வண்டிக்கு அது மிக அதிகம். சேசிஸில் ஆக்சிலுக்கு மேலே அரைவட்டமாக வெட்டி, பலகை வைத்து வலுப்படுத்தாமல் அது நடக்காது.

சேசிஸை வெட்டுவதைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். வணிக உரிமத்தில் ஓடும் சரக்கு வண்டி 6 மாதத்துக்கு ஒருமுறை புஸ்பாகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய கவலை எனக்கு வேறு. அரைகுறை வெல்டிங் போட்ட சேசிஸ் ஒருநாள் சுமையோடு நடுச்சாலையில் மடங்கினால், பின்னால் வருவது ஒரு குடும்பத்தின் மோட்டார் சைக்கிளாக இருக்கலாம்.

கோளாறு: சுமை ஏற்றினால் 'டம்' 'டம்' என்று அடிக்கிறது, பின்பக்கம் தொங்குகிறது

அதிகமாக வருவது இதுதான். ஒரு சமையல்காரர் அண்ணன் தன் ஃபோர் வீல் பிக்கப்போடு வந்தார். வேறொரு பட்டறையில் 2 இஞ்ச் இறக்கியிருந்தார்கள். காலியாக இருக்கும்போது சொகுசாக ஓடியது. பத்துமலைக்கு அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனபோது ஒவ்வொரு சாலை மேட்டிலும் இடி.

"புது அப்சோர்பர் போட்டும் கேட்கல தம்பி," என்றார்.

கீழே படுத்துப் பார்த்தேன். ஐந்து பட்டையில் மூன்றுதான் இருந்தன. இறக்குவதற்காக இரண்டைக் கழற்றிவிட்டார்கள்.

பட்டைக் கட்டின் விறைப்பு என்பது ஒவ்வொரு பட்டையின் விறைப்பையும் கூட்டி வருவது. ஐந்தும் ஒரே கனம் என்று எடுத்தால், இரண்டைக் கழற்றும்போது ஏறத்தாழ 40 விழுக்காடு விறைப்பு போகிறது. முன்பு 500 கிலோவுக்கு 45 மி.மீ. இறங்கிய வண்டி இப்போது 75 மி.மீ. இறங்கும். மிச்சமிருக்கும் மூன்று பட்டையும் ஐந்தின் வேலையைச் செய்வதால் ஒவ்வொன்றின் மேலும் ஒன்றரை மடங்குக்கு மேல் பளு. அப்சோர்பரை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. ஆட்டத்தை அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை, எடையைத் தாங்குவது இல்லை.

கனத்தின் கணக்கு இன்னும் கடுமையானது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு (கனம் × கனம் × கனம்) ஏற்பக் கூடும். 8 மி.மீ. பட்டை 7 மி.மீ. பட்டையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. ஆகவே "ஒரு பட்டை போனால் என்ன, மெல்லியது ஒன்று சேர்த்துவிடலாம்" என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

அந்த அண்ணன் வண்டிக்குச் செய்தது இது. அதே அகலம், அதே கனம், ஐந்து பட்டை, வளைவு மட்டும் 50 மி.மீ. குறைவாக ஒரு செட் பட்டைக் கடையில் செய்யச் சொன்னோம். விறைப்பு மாறவில்லை, உயரம் மட்டும் குறைந்தது. அவருடைய வண்டியில் முதலில் இடைவெளி 130 மி.மீ. 50 போனால் 80. அவர் ஏற்றும் 600 கிலோவுக்கு 54 இறங்கும். மிச்சம் 26. ஆகவே 20 மி.மீ. குட்டையான பம்ப் ஸ்டாப் ரப்பர் போட்டோம், 46 கிடைத்தது.

ரப்பரைக் குட்டையாக்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஆக்சில் இன்னும் மேலே போகும், அடுத்து எது இடிக்கும்? வண்டியை ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, பட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் ஆக்சிலை ஜேக்கால் ரப்பர் தொடும்வரை மெதுவாகத் தூக்குங்கள். அப்சோர்பர் முழுவதும் உள்ளே போய்விட்டதா? டயர் மட்கார்டில் முட்டுகிறதா? புகைக்குழாய், ஸ்பேர் டயர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். அப்சோர்பர்தான் முதலில் முட்டுகிறது என்றால், ஒரு மாதத்தில் எண்ணெய் கசியும், மேல் புஷ் கிழியும். குட்டையான அப்சோர்பர் வேண்டும். அதே சமயம் ஆக்சில் கீழே தொங்கும்போது அதன் நீளம் போதுமா என்றும் பாருங்கள்.

பழைய பட்டையை கேஸ் டார்ச்சால் சூடுகாட்டி வளைவை எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பட்டையின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும், பிறகு அது தொய்யும் அல்லது அந்த இடத்திலேயே முறியும். பிரெஸ்ஸில் குளிர்ந்த நிலையில் வளைவு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டும்.

கோளாறு: மழையில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசுகிறது

இதை டயர் மேல் பழி போட்டுப் புது டயர் வாங்கியவர்கள் உண்டு. முதலில் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பிக்கப் மாடல்கள் பலவற்றில் இருக்கும். அது சுமையை உணரும் பிரேக் வால்வின் கை. சுமை ஏறினால் ஆக்சில் சேசிஸை நெருங்கும், கம்பி தள்ளும், வால்வு பின்பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். காலி வண்டியில் அழுத்தத்தைக் குறைக்கும்.

நீங்கள் வண்டியை 2 இஞ்ச் இறக்கிவிட்டால் வால்வுக்கு என்ன தெரியும்? தட்டில் சுமை இருக்கிறது என்றே அது நினைக்கும். காலியாக, கனமில்லாத பின்பக்கத்துக்கு முழு அழுத்தம் போகும். எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலையில் மழை பிடித்த மாலையில் முன்னால் போகும் கார் நின்றால் போதும், வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

கம்பி மாட்டியிருக்கும் பிடியை, வண்டி இறங்கிய அதே அளவுக்கு நகர்த்திப் பழைய கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகு பிரேக் அழுத்த மானி வைத்து, அந்த மாடலின் புத்தகத்திலுள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். வால்வின் கையைக் கழற்றி வேறு கம்பியால் கட்டிவைப்பது தீர்வு ஆகாது.

பட்டைக்குத் துணையாக ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே காற்றுப்பை போட்டவர்களுக்கு இதன் மறுபக்கம் வரும். சுமை ஏற்றியும் பின்பக்கம் இறங்காதபடி பை தாங்கிக்கொண்டால், வால்வு வண்டி காலி என்று நினைத்துப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். முழுச் சுமையோடு கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் பக்கம் இறங்கும்போது முன்பிரேக் மட்டும் உழைத்துச் சூடேறும். "சுமையோடு பிரேக் பிடிக்க நேரமாகுது" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, காற்றுப்பை உண்டா என்பதுதான்.

கோளாறு: ஓட்டத்தில் நடுக்கம்

எப்போது நடுங்குகிறது என்பதே பாதி விடை.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும், முதல் சில மீட்டருக்கு உதறினால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடுவிலுள்ள சென்டர் பேரிங்கைப் பாருங்கள். வண்டி இறங்கியதும் பின்துண்டு ஷாஃப்டின் சாய்வு மாறிவிடும், பேரிங் பழைய உயரத்திலேயே நிற்கும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அதன் உயரத்தைச் சரிசெய்தால் பல வண்டிகளில் அடங்கிவிடும். உயரமான கட்டை வைத்த வண்டி என்றால் இன்னொரு காரணமும் உண்டு: மிதித்தவுடன் ஆக்சில் முறுக்கிக்கொண்டு பட்டையை எஸ் வடிவில் வளைக்கிறது. கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு நெம்புகோல். சுமை வண்டிக்கு உயரக் கட்டை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது முக்கியக் காரணம்.

80 கிலோமீட்டர் வேகத்தில், சீராகப் போகும்போது இருக்கைக்கு அடியில் முனகல் வந்தால், கோணம்தான். அந்த வேகத்தில் ஷாஃப்ட் வினாடிக்கு ஏறத்தாழ 35 சுற்று சுற்றுகிறது. ஷாஃப்டின் முனையிலுள்ள கிராஸ் ஜாயின்ட் கோணம் தவறினால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதறும். ஆகவே அது தனி உதறலாகத் தெரியாமல் முனகலாகக் கேட்கும்.

வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளக்க வேண்டும், ஜேக்கில் தொங்கும்போது இல்லை. கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலி போதும். கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட், டிஃப் (ஆக்சில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டி) முனை மூன்றின் சாய்வையும் எழுதுங்கள். ஒற்றை ஷாஃப்டில் இரு முனையிலும் வரும் கோணங்கள் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 3 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. முழுக்க நேராக, பூஜ்யமாக இருப்பதும் தவறு. ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

கட்டையோ ஃப்ளிப்போ ஆக்சிலை நேராக மேலே ஏற்றும், டிஃப்பின் சாய்வு அதிகம் மாறாது. செக்கிளை மாற்றினால் பட்டை முழுவதும் சற்றுச் சுழலும், அதோடு டிஃப் மூக்கும் திரும்பும். செக்கிள் மாற்றிய வண்டியில் நடுக்கம் என்றால் ஆப்புத் தகடுதான் மருந்து. 2 டிகிரி, 4 டிகிரி என்று கிடைக்கும். எஃகு ஆப்பு வாங்குங்கள், மெல்லிய அலுமினியம் சுமையில் நொறுங்கும். எந்த எடையில் அதிகம் ஓடுகிறீர்களோ அந்த எடையை ஏற்றிவைத்துக் கோணம் பிடியுங்கள்.

கோளாறு: வண்டி நேராகப் போனாலும் நண்டு போல் சாய்ந்து போகிறது

பட்டைகளைக் கோக்கும் சென்டர் போல்ட்டின் தலை இருக்கையின் குழிக்குள் சரியாக உட்காரவில்லை, அல்லது பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யூ போல்ட் தளர்ந்து ஆக்சில் நகர்ந்துவிட்டது. முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது மறுமுறை அதே பிடி கொடுக்காது. புதியதைப் புத்தகத்திலுள்ள முறுக்கத்துக்கு இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை, சுமையோடு முதல் பயணம் போய்வந்த பின் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

கோளாறு: காற்றுப்பை போட்டும் திருப்பத்தில் சாய்கிறது

இரண்டு பைக்கும் ஒரே குழாய் போட்டிருப்பார்கள். வளைவில் சாயும் பக்கத்துப் பையிலிருந்து காற்று மறுபக்கம் ஓடிவிடும். தனித்தனிக் குழாய் போடுங்கள். தினமும் காற்று குறைகிறது என்றால் சவர்க்கார நீர் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் இணைப்பில்தான் குமிழி வரும். காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்த அழுத்தம் பையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து கிழியும்.

பையைப் பற்றி ஒரு கவலை. பட்டை தன் எடையைச் சேசிஸில் முன்னும் பின்னும் இரண்டு இடத்தில் கொடுக்கிறது. பை நடுவில், ஆக்சிலுக்கு மேலே, ஒரே இடத்தில் முட்டுக்கொடுக்கிறது. கனமான ஜெனரேட்டரைத் தட்டின் கடைசியில் வைத்துக்கொண்டு, பையில் காற்றை ஏற்றி வண்டியை நிமிர்த்தினால், சேசிஸ் அந்த முட்டின் மேல் வளையும். கேபினுக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே விரிந்து, கீழே குறுகியிருந்தால் உடனே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். கனத்தைக் கேபின் பக்கம் நகர்த்துங்கள்.

எந்தப் பையும் வண்டியின் அனுமதி எடையைக் கூட்டாது. சரக்கு வண்டியின் கதவில் எழுதியிருக்கும் பெராத் டெங்கான் முவாத்தானிலிருந்து (சுமையோடு எடை) பெராத் தன்பா முவாத்தானைக் (சுமையில்லா எடை) கழித்தால் வருவதுதான் உங்கள் சுமை. ஓட்டுபவர், கேனோப்பி, கூடவே வரும் ஆட்கள், பை, இரும்புப் பலகை எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

கோளாறு: டயரின் பக்கவாட்டு உப்புகிறது, சுமையில் சூடாகிறது

இறக்கியதோடு அழகான ரிம்மும் கார் டயரும் மாட்டியிருப்பார்கள். டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 112 என்றால் ஒரு டயருக்கு 1120 கிலோ, இரண்டுக்கும் 2240. 97 என்றால் 730, இரண்டுக்கும் 1460 கிலோதான். பட்டை பழையபடி தாங்கும், டயர் தாங்காது. இதில் பேரம் பேசாதீர்கள், வண்டியோடு வந்த எண்ணுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கோளாறு: இரவில் எதிரே வருபவர்கள் எல்லாரும் விளக்கை அடித்துக் காட்டுகிறார்கள்

பிக்கப் காலியாக இருக்கும்போது வால் சற்றுத் தூக்கியிருப்பது சுமைக்காகத்தான், ஏற்றினால் சமமாகும். காலியிலேயே சமமாக்கிவிட்டால் சுமையோடு மூக்கு வானம் பார்க்கும். அதனால் இறக்கும்போதே பின்பக்கத்தை முன்பக்கத்தைவிட 1 இஞ்ச் மேலே விடச் சொல்வேன். சுவருக்கு முன் வண்டியை நிறுத்தி, காலியாக ஒருமுறை, வழக்கமான சுமையோடு ஒருமுறை விளக்கு விழும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சுமைக் கோடு ஏறியிருந்தால் விளக்கை இறக்குங்கள். டாஷ்போர்டில் விளக்கு உயரம் மாற்றும் சிறு சக்கரம் இருந்தால், சுமைக்கு எந்த எண் என்று அங்கேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அந்தச் சமையல்காரர் அண்ணன் வண்டியில் 2 என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.